அந்தப் பத்து எங்கிருந்து வந்தது?

இது நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். படிக்காமல் லைக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் தலையாட்டினீர்கள்.

கரைசலின் செறிவை ஒரு அலகிலிருந்து இன்னொரு அலகுக்கு மாற்றுகிற கணக்கைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். சதவீதத்திலிருந்து மோலாரிட்டி, மோலாரிட்டியிலிருந்து மோலாலிட்டி, பிபிஎம், நார்மாலிட்டி, அந்த வகையறா. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதம் கெட்டுப்போய்விட்டது என்று எழுதியிருந்தேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். இரண்டுக்கும் கமெண்டில் பதில் சொன்னால் போதாது என்று தோன்றியது.

முதல் ஆள் என் மாணவன். இன்று ஒரு பெரிய ஊரில் நீட் பயிற்சி மையம் நடத்துகிறான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கு நூறு பிள்ளைகள் முன்னால் மரியாதை இருக்கிறது. அவன் எழுதியது: "சார், 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். பத்து இன்ட்டு சதவீதம் இன்ட்டு அடர்த்தி, கீழே மூலக்கூறு எடை. போட்டால் மோலாரிட்டி வந்துவிடும். ஏன், எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தால் பையன் சீட்டை இழந்துவிடுவான்."

இரண்டாவது, என் தங்கை மகன். மென்பொருள் வேலை. குடும்பக் குழுவில் குரல் செய்தி அனுப்பினான்: "மாமா, இதெல்லாம் போன் பார்த்துக்கும். அடியை மீட்டராக்க யாராவது இப்போது மனசுக்குள் கணக்குப் போடுகிறார்களா? இதையும் அப்படி விட்டுவிட வேண்டியதுதானே." அதற்குக் கீழே பதினேழு கட்டைவிரல். அதில் மூன்று என் வகுப்பில் படித்தவர்களுடையது. அதுதான் வலிக்கிறது.

மாப்பிள்ளைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் சொன்னதில்தான் பெரிய தவறு இருக்கிறது.

அடியை மீட்டராக்க 0.3048-ஆல் பெருக்க வேண்டும். அளக்கப்படுவது வேட்டியா, வாய்க்காலா, ரயில் பாதையா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டுமே நீளம். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். செறிவு அப்படி இல்லை. 100 மி.லி. கரைசலில் 10 கிராம் இருக்கிறது, அதாவது 10 சதவீதம், இதை மோலாரிட்டி ஆக்கு என்று உன் போனிடம் சொல். எதில் 10 சதவீதம் என்று அது கேட்டாக வேண்டும். சமையல் உப்பு என்றால் 100-ஐ 58.5-ஆல் வகுத்து 1.71. குளுக்கோஸ் என்றால் 180-ஆல் வகுத்து 0.56. சர்க்கரை என்றால் 342-ஆல் வகுத்து 0.29. அதே 10 சதவீதம்தான், மூன்று விடை. சதவீதம் எடையைப் பார்க்கிறது. மோலாரிட்டி மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. சந்தையில் ஒரு கிலோ எலுமிச்சையையும் ஒரு கிலோ பூசணியையும் எண்ணிக்கையாக மாற்று என்றால் ஒரு பழத்தின் எடை தெரியாமல் எப்படி மாற்றுவாய்? அலகு மாற்றும்போது உண்மையில் நடப்பது, ஒரு கேள்வியை விட்டுவிட்டு வேறு ஒரு கேள்வியைக் கேட்பது. புதுக் கேள்விக்குப் புதுத் தகவல் வேண்டும். அந்தத் தகவல் என்ன என்று தெரிந்தவனுக்குப் போன் நல்ல வேலைக்காரன். தெரியாதவனிடமும் அது ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அங்கேதான் ஆபத்து.

வகுப்பில் மூன்று சொல் எழுதிப் போடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? எது, எதில், எவ்வளவு. கரும்பலகையின் இடது மூலையில் வருடம் முழுக்க அழிக்காமல் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் மூன்றாவதையே பிடித்துக்கொள்வார்கள். தவறு எப்போதும் முதல் இரண்டில் நடக்கும்.

'எதில்' என்பதை ஏதோ இலக்கணச் சண்டை என்று நினைக்காதீர்கள். அடர் கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்கு எடை 98 சதவீதம், அடர்த்தி 1.84. ஒரு லிட்டர் 1840 கிராம் இருக்கும், அதில் 98 சதவீதம் அமிலம், மோலார் நிறை 98. ஆக மோலாரிட்டி 18.4. இப்போது மோலாலிட்டி பாருங்கள். 1000 கிராம் கரைசலில் 980 கிராம் அமிலம், அதாவது 10 மோல். மீதி தண்ணீர் 20 கிராம்தான். 20 கிராம் தண்ணீருக்கு 10 மோல் என்றால் ஒரு கிலோ தண்ணீருக்கு 500 மோல். ஒரே பாட்டில். ஒரு விடை 18.4, இன்னொன்று 500. ஒன்று 'ஒரு லிட்டர் கரைசலில்' என்று கேட்கிறது, மற்றது 'ஒரு கிலோ கரைப்பானில்' என்று கேட்கிறது. "மோலாரிட்டியும் மோலாலிட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் சார்" என்று எழுதும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். நீர்த்த கரைசலில்தான் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் 'கிட்டத்தட்ட' எதுவரை தாங்கும் என்று தெரிவதுதான் படிப்பு.

இனி பயிற்சி மையத் தம்பிக்கு. தம்பி, உன் சூத்திரத்தில் ஒரு பத்து இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? உன்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பத்துப் பேரைக் கேட்டுப் பார். ஒரு லிட்டர் கரைசலின் எடை 1000 பெருக்கல் அடர்த்தி. அதில் நூற்றுக்கு இத்தனை கரைபொருள். ஆயிரத்தை நூறால் வகுத்த பத்துதான் அது. இவ்வளவே. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து நீ என்ன செய்தாய் தெரியுமா? அந்தச் சூத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற அறிவைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டாய்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடைக்கு எடை 37 சதவீதம், அடர்த்தி 1.18. உன் சூத்திரம் 12 மோலார் என்று சரியாகச் சொல்லும். அடர்த்தியை விட்டுவிட்டால் 10 வரும், தப்பு. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலில் 15 சதவீதம் என்று எழுதியிருக்கும். அது எடைக்குப் பருமன்: 100 மி.லி.யில் 15 கிராம். இங்கே அடர்த்தியைப் பெருக்கினால் தப்பு. 150-ஐ 74.5-ஆல் வகுத்தால் 2 மோலார், 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லிமோல், முடிந்தது. உன் பிள்ளை அடர்த்தியைத் தேடிக்கொண்டிருப்பான், சூத்திரத்தில் இருக்கிறதே என்று. அவன் சீட்டும் வாங்குவான், டாக்டரும் ஆவான், அந்த ஆம்பியூலைக் கையில் எடுப்பான். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அந்த ஆம்பியூலில் இருப்பது லிட்டருக்கு 2000 மில்லிமோல் கணக்கு. நீர்க்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். மதிப்பெண் போகும் விஷயம் இல்லை இது.

"சார் பயமுறுத்துகிறார்" என்பீர்கள். சரி, ஆஸ்பத்திரியை விடுங்கள், வீட்டுக்கு வருவோம்.

குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால். நம் கடைகளில் சொட்டு மருந்தாகக் கிடைப்பது ஒரு மி.லி.யில் 100 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இன்னொரு சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. எல்லாம் ஒரே மருந்து, ஒரே மாதிரி படம் போட்ட அட்டை. பத்துக் கிலோ குழந்தைக்கு டாக்டர் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. என்று கணக்கிட்டால், சொட்டு மருந்தில் அது 1.5 மி.லி.; 120 சிரப்பில் ஆறேகால் மி.லி.; 250 சிரப்பில் 3 மி.லி. போன தடவை ஆறு மி.லி. கொடுத்தோம் என்ற ஞாபகத்தில் இந்தத் தடவை சொட்டு மருந்தில் ஆறு மி.லி. கொடுத்தால் 600 மி.கி. உள்ளே போகிறது. நாலு மடங்கு. அது ஈரலைத் தாக்கும் மருந்து. அமெரிக்காவில் இதே குழப்பத்துக்காக 2011-ல் கம்பெனிகள் தாமாகவே குழந்தைகளுக்கான அடர் சொட்டு மருந்தை நிறுத்தி, 5 மி.லி.க்கு 160 மி.கி. என்று ஒரே செறிவுக்கு வந்தார்கள். நாம் மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம்.

நம் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பாட்டிமார்களுக்கும் சேர்த்து: அளவைக் கேட்கும்போது "எத்தனை எம்எல்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை மில்லிகிராம், எந்தப் பாட்டிலில்?" என்று கேளுங்கள். எவ்வளவு கொடுப்பது என்பது டாக்டர் வேலை. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது நம் வேலை.

இன்சுலின் கதை இன்னும் மோசம். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடுவது 100 யூனிட். 100 யூனிட் குப்பியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஊசியில் போட்டிருக்கும் கோடு 'யூனிட்' என்று சொல்லும், ஆனால் அது உண்மையில் அளப்பது மி.லி.யைத்தான். என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அவர் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி ஊசி வாங்கி வந்தான், நம் ஊர் ஊசியைவிட மெல்லியது, வலிக்காது என்று. ஆரஞ்சு மூடி. குப்பி இங்கே வாங்கிய 40. அண்ணன் 20-ஆம் கோடு வரை இழுத்தார். அந்த ஊசியில் 20-ஆம் கோடு என்றால் 0.2 மி.லி. 0.2 மி.லி.யில் 40 வீதம் எத்தனை? எட்டு யூனிட். இருபது போட்டதாக நினைத்து எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை இறங்கவில்லை. "அண்ணி ஒளித்து வைத்திருக்கும் லட்டைச் சாப்பிடுகிறார்" என்று வீட்டில் பழி. டாக்டர் 30 ஆக்கினார். அதாவது பன்னிரண்டு. நான் பார்க்கப் போனபோது மூடியின் நிறம் கண்ணில் பட்டது. அந்தப் பெட்டி தீர்ந்து, கடையில் சரியான சிவப்பு மூடி ஊசி வாங்கி அதே 30 கோட்டுக்கு இழுத்திருந்தால் ஒரே நாளில் இரண்டரை மடங்கு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும். மாப்பிள்ளை, அந்த வீட்டில் நாலு ஸ்மார்ட்போன் இருந்தது.

வெளிநாட்டு விஷயம் வந்ததால் இன்னொன்று. லண்டனிலிருந்து பேசும்போது "எனக்குச் சுகர் ஒன்பதுதான் சித்தப்பா" என்று ஒருத்தி சொன்னால் இங்கே இருக்கிறவர்கள் மயங்கி விழுகிறார்கள், இல்லாவிட்டால் சிரிக்கிறார்கள். அங்கே லிட்டருக்கு மில்லிமோல். இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 18-ஆல் பெருக்கு, 162. வெறும் வயிற்றில் 126 என்பது அங்கே 7.0. இந்தப் பதினெட்டு இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் அதையே கொலஸ்டிராலுக்கும் போடுகிறார்கள். பதினெட்டு என்பது குளுக்கோஸின் 180-ஐப் பத்தால் வகுத்தது, லிட்டரில் பத்து டெசிலிட்டர் இருப்பதால். கொலஸ்டிராலின் மூலக்கூறு எடை சுமார் 387, ஆக அதற்கு 38.7. அங்கே 5.2 என்றால் இங்கே 201. பதினெட்டால் பெருக்கிவிட்டு "94-தான், தாராளமாக நெய் ஊற்றிக்கொள்" என்று ஒரு மருமகன் மாமனாருக்கு அறிவுரை சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கிரியேட்டினின் என்றால் ஒரு டெசிலிட்டருக்கு 1 மி.கி. என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல். அதன் மூலக்கூறு எடை 113. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். எந்த எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூலக்கூறு எடை இருந்தால் அரை நிமிடத்தில் வந்துவிடும்.

அலகு வேறாக இருந்தால் குறைந்தபட்சம் சந்தேகமாவது வரும். அலகு ஒன்றாகவே இருந்து, 'எது' மாறிவிட்டால்? அமெரிக்காவில் சிறுநீரகப் பரிசோதனையில் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதுவார்கள். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் முழு யூரியாவையும் எழுதுவார்கள். இரண்டும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்தான். யூரியாவின் எடை 60, அதில் இரண்டு நைட்ரஜன் 28. ஆகவே 2.14 மடங்கு. மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு அம்மாவுக்கு அங்கே 20, இங்கே 43. "ஊருக்கு வந்த ஒரு மாசத்தில் கிட்னி இரட்டிப்பாகக் கெட்டுவிட்டது, இந்த ஊர் தண்ணீர்தான் காரணம்" என்று வீடே அழுதது. ஒரு துளி கெடவில்லை. இதை எந்த ஆப்பில் போட்டாலும் "அலகு ஒன்றுதான், மாற்ற ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும்.

குடிநீரிலும் இதே கதை. நைட்ரேட் அமெரிக்காவில் லிட்டருக்கு 10 மி.கி. வரை. நம் இந்தியத் தர நிர்ணயத்தில் 45 மி.கி. "பாருங்கள், இந்தியாவில் நாலரை மடங்கு விஷம் குடிக்கலாம் என்கிறார்கள்" என்று ஒரு வீடியோ சுற்றியது. எனக்கே ஆறு பேர் அனுப்பினீர்கள். அவர்கள் எண்ணுவது நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜனை மட்டும். நைட்ரேட்டின் எடை 62, நைட்ரஜன் 14. பத்தை 62-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்துப் பாருங்கள். 44.3. கோடு ஒரே இடத்தில்தான் போட்டிருக்கிறது. அரசைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கும்போது இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பானேன்?

விவசாயம் பார்க்கிற மச்சான்களுக்கு ஒரு வார்த்தை. டிஏபி மூட்டையில் 18:46 என்று போட்டிருக்கிறதே, அந்த 46 பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது. உண்மையான பாஸ்பரஸ் 20 தான். கம்பெனி ஏமாற்றவில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் மண் பரிசோதனைச் சீட்டில் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு மூட்டையைப் பிரியுங்கள்.

தண்ணீர் சுத்திகரிப்பு விற்க வருகிற பையன் பேனா மாதிரி ஒரு கருவியை உங்கள் சொம்பில் முக்கி, "பாருங்க சார், 480" என்று பயமுறுத்துகிறான் அல்லவா? அந்தக் கருவி உப்பை எடை போடவில்லை. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கி, பிபிஎம் என்று காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடால் பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக எத்தனை தலைமுறை கஷ்டப்பட்டது! ஒகேனக்கல் திட்டத்துக்கே காரணம் அதுதான். ஃப்ளோரைடுக்கு எல்லை லிட்டருக்கு 1 மி.கி., வேறு வழியே இல்லையென்றால் 1.5. ஒரு கிணற்றில் மொத்த உப்பு 300, அதில் ஃப்ளோரைடு 3. இன்னொன்றில் மொத்தம் 800, ஃப்ளோரைடு 0.5. பேனாக் கருவி முதல் கிணற்றைத்தான் நல்ல கிணறு என்று சொல்லும். 'எது' என்று கேட்காத 'எவ்வளவு' இப்படித்தான் இருக்கும்.

லேபிள் எழுதுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வெறும் '%' போட்டுவிட்டுப் போகிறார்கள். எடைக்கு எடையா, எடைக்குப் பருமனா, பருமனுக்குப் பருமனா? எழுதினால் மை தீர்ந்துவிடுமா? கொரோனா காலத்தில் ஹைப்போகுளோரைட் கரைசல் கலக்க ஒரு அலுவலகத்தில் ஒட்டியிருந்த தாளில் '1:4' என்று மட்டும் இருந்தது. ஒரு பங்கு மருந்தோடு நாலு பங்கு தண்ணீரா, மொத்தம் நாலு பங்கில் ஒரு பங்கு மருந்தா? 5 சதவீதக் கரைசல் முதல் வழியில் 1 சதவீதமாகும், இரண்டாவது வழியில் 1.25. அங்கே கலக்கிய தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் கேட்டேன். "குத்துமதிப்பா ஊத்துவோம் சார், மூக்கு எரிஞ்சா சரி" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தாள் அடித்தவர் பட்டதாரி. "ஒரு டம்ளர் மருந்து, நாலு டம்ளர் தண்ணீர்" என்று எழுத அவருக்கு என்ன தடை? அட்ரினலின் ஊசியில் 1:1000, 1:10,000 என்று விகிதமாக எழுதிவந்ததில் பூஜ்யத்தை மாற்றிப் படித்து ஆபத்துகள் நேர்ந்ததால் அமெரிக்காவில் 2016-ல் விகிதத்தையே லேபிளிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மி.லி.யில் இத்தனை மி.கி. என்று எழுதச் சொன்னார்கள். ஆயிரத்தில் ஒன்று என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், மி.லி.க்கு 1 மி.கி. அதை நேராகவே எழுதிவிடலாமே!

நார்மாலிட்டிக்கும் இரண்டு வரி, இல்லாவிட்டால் பழைய செட் கோபித்துக்கொள்ளும். வி1என்1 சமம் வி2என்2 என்று தூக்கத்திலும் சொல்வீர்கள். ஆக்சாலிக் அமிலம் 63, பெர்மாங்கனேட் 31.6, ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் 392; வாய்ப்பாடு மாதிரி இன்றைக்கும் ஒப்பிப்பீர்கள். பெர்மாங்கனேட்டின் 158-ஐ ஏன் ஐந்தால் வகுத்தோம்? அமில ஊடகத்தில் அது ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது. நடுநிலையில் மூன்றுதான். ஆக அதே 0.1 மோலார் பாட்டில் ஒரு மேசையில் 0.5 நார்மல், அடுத்த மேசையில் 0.3 நார்மல். பாட்டிலுக்குள் எதுவும் மாறவில்லை, வினைதான் மாறியது. உலகம் நார்மாலிட்டியைக் கைவிட்டுக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம், எனக்கும் சம்மதமே. இன்னொரு வேடிக்கை, ஆஸ்பத்திரி 'நார்மல் சலைன்' ஒரு நார்மல் இல்லை. அது 0.9 சதவீதம், லிட்டருக்கு 154 மில்லிமோல். ஒரு நார்மல் உப்புக் கரைசல் என்றால் லிட்டருக்கு 58.5 கிராம், ஆறு மடங்குக்கும் மேல். பெயரை நம்பக் கூடாது.

தம்பி, உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தது நீ இல்லை. மூலக்கூறு எடை, அடர்த்தி, சதவீதம் என்று தேவையானதை மட்டும், தேவையான வரிசையில் தட்டில் வைத்துக் கொடுக்கிற கேள்வித்தாள் இருக்கும்வரை உன் சூத்திரம் ஜெயிக்கும். என் சண்டை முதலில் அந்தக் கேள்வித்தாளோடுதான். வாழ்க்கையில் எந்தப் பாட்டிலும் தேவையான மூன்று எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருவதில்லை. ஒன்று குறைவாக இருக்கும், அல்லது இரண்டு அதிகமாக இருக்கும். நான் ஒரு வருடம் அரையாண்டுத் தேர்வில் ஐந்து கணக்குக் கொடுத்து, அதில் இரண்டில் வேண்டுமென்றே ஒரு விவரத்தை விட்டேன். "விவரம் போதாது, இன்னது வேண்டும்" என்று எழுதினால் முழு மதிப்பெண் என்று முன்பே சொல்லியிருந்தேன். பெற்றோர் தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் கொடுத்தார்கள், "வாத்தியார் கேள்வியைத் தப்பாக எடுத்துவிட்டு மழுப்புகிறார்" என்று. அடுத்த வருடத்திலிருந்து அப்படிக் கேள்வி எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்தத் தேர்வில் சரியாக எழுதிய ஏழு பேரில் ஒருத்தி இன்று குழந்தைகள் நல மருத்துவர். இதைப் படித்துக்கொண்டிருப்பாள், தெரியும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சூத்திரத்தைக் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் ஒரே ஒரு வகுப்பு, சூத்திரம் இல்லாமல், ஒரு லிட்டரைக் கற்பனை செய்து, அதன் எடை என்ன, அதில் எது எவ்வளவு, எத்தனை மோல் என்று வாயால் சொல்லி நடத்து. பிறகு பத்தைக் கொண்டு வா. நூறு பிள்ளைகளில் எழுபது பேர் சூத்திரத்தையே மறந்துவிட்டுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வேகமும் குறையாது, பந்தயம் கட்டுகிறேன்.

ஆப்காரர்களுக்கும் பயிற்சி மையத்துக்கும் சேர்த்து மூன்று கணக்கு கீழே.

ஒன்று. வீட்டுச் சம்ப்பில் 10,000 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் இருக்கும்படி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். பவுடரில் கிடைக்கும் குளோரின் 30 சதவீதம். எத்தனை கிராம் பவுடர்?

இரண்டு. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் '20 வால்யூம்' என்று இருக்கிறது. இது எத்தனை சதவீதம்? சமன்பாடு எழுதித் தொடங்கவும்.

மூன்று. ஊறுகாய் போடும் உப்புத் தண்ணீர், '10 சதவீதம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. மோலாலிட்டி என்ன? சொல்ல முடியும் என்றால் சொல்லுங்கள். முடியாது என்றால் எந்த விவரம் இல்லை என்று எழுதுங்கள்.

கமெண்டில் படிகளோடு எழுத வேண்டும். விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, போனில் பார்த்து எழுதினால் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். மாப்பிள்ளை, உனக்கும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் போடு, திங்கட்கிழமை திருத்துகிறேன்.